பந்தி சீன் இல்லாத காப்பி

டேய், சிரிக்கிறத நிறுத்திட்டுக் கேளுங்க. புதுப்படம் வந்த மறுநாளே பஸ் ஸ்டாண்டுல பாலித்தீன் கவர்ல போட்டு வித்த டிஸ்க்க வாங்கி, முன்சீட்டுக்காரன் எந்திரிச்சு ஒண்ணுக்குப் போறதையும் படத்தோட சேத்துப் பாத்து வளந்த பயலுவ நீங்க. உங்கள்ல எவனாச்சும் டிக்கெட் எடுத்து ஒரு படத்த முழுசா பாத்திருந்தா, அந்தாண்ட போயி உக்காந்துக்க, இந்தக் கதை உனக்கில்ல. ஒருத்தன் எந்திரிக்கிறானா பாரு. சரி, எல்லாம் நம்மாளுங்கதான்.

கரம்பையூர்ல வீட்டுக்கு ஒருத்தன் வெளிநாட்டுல இருப்பான், வீட்டுக்கு ஒரு டிவிடி ப்ளேயரு துணியப் போத்திக்கிட்டு இருக்கும், சோறு இல்லாத வீட்டுலகூட கல்யாண டிஸ்க்கு இருக்கும். அந்த ஊரு தெக்குத்தெருவுலதான் நாகஜோதி இருந்தா. அவ புருசன் பூமிநாதன், மறுவீட்டு விருந்து செரிக்கிறதுக்கு முன்னாடியே விசா வந்துருச்சுன்னு மஸ்கட்டுக்குப் பிளேன் ஏறுனவன், ஒரு கட்டடத்துச் சாரத்துலேருந்து விழுந்து, காரியத்தையெல்லாம் இங்கயே முடிச்சிட்டோம்னு ஒரு போன்காலோட முடிஞ்சுபோனான். மேலுக்குப் போட்டிருந்த சட்டைகூட வரல. அவன் இருந்தான்கிறதுக்கு அவகிட்ட மிச்சம் அந்தக் கல்யாண டிஸ்க்கு ஒண்ணுதான்.

அந்த டிஸ்க்கும் தேஞ்சுபோச்சு. தெனம் போட்டுத் தெனம் போட்டு கீறல் விழுந்து, சரியா பந்தி சீன்ல வந்து நிக்கும். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல எலைக்கு முன்னாடி உக்காந்திருப்பாங்க, பூமிநாதன் மாலையோட அவ பக்கம் சாஞ்சு என்னமோ சொல்ல வாயெடுப்பான், அப்படியே மூஞ்சி கட்டங்கட்டமா ஒடைஞ்சு நின்னுரும். அன்னிக்கு என்ன சொன்னான்னு அவளுக்கு நெனவில்ல. நெனவு வச்சுக்கணும்னு அப்பத் தோணல, இன்னும் எவ்வளவோ சொல்லப்போறான்னு இருந்துட்டா. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வார்த்தை.

வீடியோ எடுத்த இருதயராஜ்கிட்ட போனா.

"அண்ணே, இன்னொண்ணு போட்டுக் குடுங்கண்ணே."

"ஹார்டு டிஸ்க்கு செத்துப்போச்சு தங்கச்சி. அந்த வருசத்துக் கல்யாணம் பூரா அதோட போயிருச்சு."

"அப்ப இந்த டிஸ்க்குலேருந்தே ஒரு காப்பி எடுங்க."

"எடுக்க வராது. பூட்டிருக்கு."

"யாரு பூட்டுனா?"

"நான்தான். எல்லாரும் ஒண்ணு வாங்கி ஒம்பது எடுத்துக்கிட்டா நான் எப்படிப் பொழைக்கிறது?"

"சரி, தொறங்க."

"சாவியும் அந்த ஹார்டு டிஸ்க்குலதான் இருந்துச்சு." இருதயராஜு தலையச் சொறிஞ்சான். அப்புறம் பேச்சு மாறிருச்சு. "வெளிய எவன்ட்டயாச்சும் குடுத்துப் பூட்ட ஒடைச்சேன்னு வையி, கேசாயிரும் பாத்துக்க. அது என் படம்."

"அது என் புருசன்ணே."

"ஒம்புருசன்தான். எடுத்தது நானு."

இந்த விசயம் தீர்றதுக்கு முன்னாடியே அவ பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டா. அங்க ஜமால் கடை. ஜெராக்ஸ் மெஷினு, ஒரு கம்ப்யூட்டரு, பூட்டையும் ஒடைச்சு கீறலையும் தாண்டிப் படிக்கிற ஒரு சாப்ட்வேரு. அந்த சாப்ட்வேருக்கு ஒரு பழக்கம் உண்டு, டிஸ்க்க உள்ள தள்ளுனதும் மொதல்ல ஒரு கேள்வி கேக்கும்: இது உங்க சொந்த டிஸ்க்தானா, சொந்த உபயோகத்துக்குத்தான் காப்பி எடுக்குறீங்களா? 'ஆமாம்'னு ஒரு கட்டம் இருக்கும். ஜமால் அதப் படிக்கிறதே இல்ல, கொசு அடிக்கிற மாதிரி தட்டிவிட்டுருவான்.

"யக்கா, ஒரு சிக்கலு. ஒன் கல்யாணம் பெருசு, நம்ம காலி டிஸ்க்கு சின்னது. ரெண்டுல ஒண்ணு. மொத்தத்தையும் அமுக்கி உள்ள திணிக்கலாம், ஆனா மாமா மூஞ்சி கலங்கிப்போயிரும். இல்லாட்டி எதையாச்சும் கழிக்கணும். எதக் கழிக்கட்டும்?"

அவ யோசிச்சா. எல்லாக் கல்யாண வீடியோவையும் போலத்தான் அவளோடதும், மேளத்தையும் பேச்சையும் அமத்திட்டு மொதல்லேருந்து கடைசிவரைக்கும் சினிமாப் பாட்டத்தான் ஓட்டிருந்தான் இருதயராஜு. அந்தப் பாட்ட வச்சுக்கிட்டு என்ன பண்றது? வாயசைவு தெளிவா தெரிஞ்சா என்ன சொல்றான்னு கண்டுபிடிச்சிரலாமேன்னு கணக்குப் போட்டா. "மூஞ்சி தெளிவா இருக்கணும்டா தம்பி. சத்தத்தக் கழிச்சிரு"ன்னா. ஜமால் ஒரு டிக்க எடுத்துவிட்டான்.

காப்பிய வீட்டுக்குக் கொண்டாந்து போட்டா. டிவியில ஒண்ணும் வரல. திரும்பிப் பாத்தா பூமிநாதன் கதவோரமா நிக்கிறான், பட்டுவேட்டி, ரோசாப்பூ மாலை, நெத்தியில சந்தனம் இன்னும் ஈரமா. அவளப் பாத்ததும் வெக்கப்பட்டுச் சிரிச்சான். அவ எந்திரிச்சுப் போயி டீ போட்டா.

ஊரும் பெருசா ஒண்ணும் ஆடிப்போகல. பூட்ட ஒடைச்சா உள்ள இருக்கிறவன் வெளிய வரத்தானே செய்வான்னு டீக்கடையில சொன்னாங்க, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. மத்த பேச்சுதான் முடியவே இல்ல. ரேஷன் கடைக்காரரு, பேரு எடுத்தது எடுத்ததுதான், காப்பிக்கெல்லாம் சக்கரை கெடையாதுன்னுட்டாரு. பேங்குல ஆளையும் போட்டோவையும் மாறி மாறிப் பாத்துட்டு, ஆளு சரிதான், ஆனா கையெழுத்து வேணுமேன்னாங்க, அந்த டிஸ்க்குல பூமிநாதன் எந்த எடத்துலயும் கையெழுத்துப் போடல. கோயில்ல, மாலையும் சந்தனமுமா வர்ற ஆளுக்குத் தீட்டு எப்படிச் சொல்றதுன்னு பூசாரி ஒருநாள் முழுக்க முழிச்சிட்டு, கூட்டமில்லாத நேரமா கூட்டிட்டு வான்னாரு. பொம்பளைங்க கூடி, நாகஜோதி பொட்டு வச்சுக்கலாமா கூடாதான்னு பேசிப் பேசி, கடைசியில வீட்டுக்குள்ள அவன் இருக்கிற நேரம் வச்சுக்கலாம், வாசப்படி தாண்டுனா அழிச்சிரணும்னு தீத்துவச்சாங்க. அவளும் அப்படியே செஞ்சா, தெருவுக்குத் தண்ணி புடிக்க வரும்போதெல்லாம் முந்தானையால நெத்தியத் தொடச்சுத் தொடச்சு அங்க தோலே செவந்துபோச்சு.

பூமிநாதனுக்கு எந்நாளும் அதே நாளுதான். மாலை மாத்துவான், தாலி கட்டுவான், பந்தியில உக்காருவான், எல்லாரோடயும் நின்னு போட்டோ எடுத்துக்குவான், முடிஞ்சதும் திரும்பவும் கதவோரம் வந்து மொதல்லேருந்து வெக்கப்படுவான். குண்டு பல்பப் போட்டா போதும், கேமராக்காரன் லைட்டுன்னு நெனச்சு நிமுந்து நிப்பான். மஸ்கட்டும் தெரியாது, சாரமும் தெரியாது. பந்திக்கு வரும்போது அவ ஒரு எலையப் போட்டு நெசமாவே சோறு வைப்பா, அவன் ரெண்டு வாய் சாப்ட்டுட்டு அவ பக்கம் சாஞ்சு என்னமோ சொல்லுவான். ஒதடு அசையும். சத்தம்தான் இல்ல.

தெருவே வந்து உக்காந்து அந்த வாயப் படிச்சுது. "புழுக்கமா இருக்குங்கிறான்"னா ஒருத்தி. "பாயசத்துல இனிப்பு பத்தலன்னு சொல்றான், அவுக அம்மா வளப்பு அப்படி"ன்னா இன்னொருத்தி. "ஏன்டி, அந்தக் கோடிவீட்டுப் புள்ள யாருன்னு கேக்குறானோ என்னமோ"ன்னு ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரிக்க, நாகஜோதியும் சிரிச்சா. சிரிச்சுட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. பாட்டுக்கு அடியில அவன் பேச்சு லேசாவாச்சும் கேக்கும், பேசாம ஒரிஜினலக் கொண்டுபோயி சத்தத்தோட இன்னொண்ணு எடுத்துருவோம்னு அப்பத்தான் முடிவு பண்ணுனா.

அதுக்குள்ள ஊரே ஜமால் கடை வாசல்ல நின்னுச்சு. ஆளாளுக்கு ஒரு டிஸ்க்கு, ஆளாளுக்கு ஒரு சாவு. வந்ததெல்லாம் செத்தவங்கதான், உசுரோட இருக்கிறவன் எவனும் ரெண்டாகல. கல்யாண டிஸ்க்கு இல்லாதவன், மொட்டை போட்ட டிஸ்க்கு, கிரகப்பிரவேச டிஸ்க்கு, எதுல ஆளு நின்னாலும் சரின்னு எடுத்தான். மேலத்தெரு மாணிக்கம் வீட்டுல வேற ஒண்ணும் இல்லாம அவங்க பெரியப்பாவோட சாவு வீடியோவக் குடுத்து எடுத்தானுவ. பெரியப்பா மூக்குல பஞ்சோட, பாடையில படுத்தபடி, நடுவீட்டுல வந்து சேந்தாரு. அவரத் திரும்பவும் தூக்கிட்டுப் போறதுக்கு நாலு பேரக் கூப்புட்டா, போன தடவையே வந்தோமேப்பான்னானுவ. அதுக்கப்புறம் சாவு டிஸ்க்க எடுக்கமாட்டேன்னு ஜமால் கடையில போர்டு எழுதிப் போட்டான்.

பூமிநாதனுக்கு ஒரு அண்ணன், சித்திரவேல், ஊருக்கு வடக்க செங்கல் சூளை வச்சிருந்தான். அவன் ஒருநாள் நாகஜோதி வீட்டு வாசல்ல வந்து நின்னான்.

"அம்மா அழுதுக்கிட்டே கெடக்கு நாகஜோதி. அதுக்கும் ஒரு காப்பி எடுத்துக் குடுத்துட்டுத் தர்றேன், அந்த ஒரிஜினலக் குடு."

மாமியாரு அழுறது நெசந்தான். அவ குடுத்தா.

சித்திரவேல் ஜமால் கடையில உக்காந்து, கால்மேல கால் போட்டு, என்னென்ன கழிக்கலாம்னு கேட்டான். ஜமால் சொன்னான்.

"சத்தம் வேணாம்"னான் சித்திரவேல். "பந்தி சீன எடுத்துரு. அப்புறம் இந்த ரிசப்ஷன்ல சோபாவுல உக்காந்திருப்பான் பாரு, அதையும் எடு. தாலி கட்டுறப்ப மணையில உக்காருவான், அதையும் எடு. நிக்கிற சீன், நடக்குற சீன் மட்டும் இருந்தாப் போதும்."

"அம்மாவுக்குன்னு சொன்னீங்கண்ணே?"

"அம்மாவுக்கு ஒண்ணு, சத்தத்த மட்டும் கழிச்சுப் போடு. மத்ததெல்லாம் எனக்கு."

சாப்ட்வேரு கேட்டுச்சு, சொந்த உபயோகத்துக்குத்தானான்னு. ஜமால் தட்டுனான், ஆமாம்.

டிஸ்க்கக் கேட்டு நாகஜோதி நடையா நடந்தா. இந்தா தர்றேன், அந்தா தர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான் சித்திரவேல். கடைசியில தண்ணிக் கொழாயடியில ஒருத்தி பட்டுன்னு போட்டு ஒடைச்சா: "ஒம்புருசன் சூளையில கல்லு செமக்குறான்டி. ஒருத்தன் ரெண்டு பேரு இல்ல, வரிசையா." கொடத்த அப்படியே வச்சிட்டு நாகஜோதி வெயில்ல நடந்து போனா.

வரிசையாத்தான் இருந்தானுவ. பட்டுவேட்டி முழங்காலுக்கு மேல மண்ணா, சந்தனம் மேல சாம்பலா, கழுத்துல ரோசாப்பூ மாலையோட, சுடாத பச்சக்கல்லத் தலையில அடுக்கிக்கிட்டு பூமிநாதன் போறான், அவம்பின்னாடி பூமிநாதன் போறான், அவனுக்கும் பின்னாடி இன்னொரு பூமிநாதன் வர்றான். ஒருத்தனும் உக்காரல, ஒருத்தனும் தண்ணி கேக்கல, வாய் அசையவே இல்ல. அவளப் பாத்த மொத ஆளு நின்னான். கல்ல எறக்கி வச்சான். வெக்கப்பட்டுச் சிரிச்சுக்கிட்டே, அவ மாலை போடுறதுக்குத் தோதா தலையக் குனிஞ்சான். பின்னால வந்தவனும் கல்ல எறக்கிட்டுக் குனிஞ்சான். அதுக்குப் பின்னால இருந்தவனும். சூளை முழுக்க பூமிநாதனுங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க, அவ கையில மாலை இல்ல.

"ஏய் நாகஜோதி, நீ வந்து நின்னா வேலை நிக்குது பாரு"ன்னு கத்துனான் சித்திரவேல். "போ, வீட்டுல ஒன்னோடது இருக்குல்ல. அதப் பாத்துக்கிட்டு இரு."

டவுனுக்குப் பஸ் ஏறி வக்கீல் பத்மாசனியம்மாகிட்ட போனா. அந்தம்மா முழுக்கக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "கல்யாணத்துல வீடியோவுக்குச் சொல்லிக் காசு குடுத்தது யாரும்மா?"

"அவங்கண்ணன்தான். பந்தல் எங்கப்பா, வீடியோ அவங்க."

"அப்ப படம் அவருதும்மா. எடுத்தவன் சொந்தம் கொண்டாட முடியாது, எடுக்கச் சொல்லிக் காசு குடுத்தவருதான் உரிமையாளரு."

"எம்புருசன்?"

"புருசன் உன்னோடவருதான். சூளையில நிக்கிறது புருசனா படமான்னு நீ கேட்டா, அத எந்தச் சட்டத்துல கேக்குறதுன்னு எனக்கே தெரியல." அந்தம்மா கண்ணாடியக் கழட்டி வச்சாங்க. "ஒரு வழி இருக்கு, ஆனா ஒனக்குப் புடிக்காது. பூட்ட ஒடைச்சது தனிக் குத்தம். இருதயராஜ் புகார் குடுக்கலாம். போலீசு வந்து காப்பி பூரா அள்ளிரும்."

"அண்ணங்காரனோடதையுமா?"

"எல்லாருதையும். ஒன்னோடதையும். ஒரிஜினலக் கையில வச்சிருந்தா மட்டும், இது என் சொந்த உபயோகத்துக்கு எடுத்ததுன்னு நான் பேசிப் பாக்கலாம்."

அவ நேரா சூளை ஆபீசுக்குப் போயி, ஒரிஜினலக் காட்டு, அத வாங்காம இந்த எடத்தவிட்டுப் போகமாட்டேன்னு நின்னா. சித்திரவேல் மேசை டிராயரத் தொறந்து எடுத்துப் போட்டான். சூளை அனல்ல கெடந்து கெடந்து, பொரிச்ச அப்பளமா நெளிஞ்சுபோயிருந்துச்சு. மேல ஒட்டியிருந்த கல்யாண போட்டோவுல அவ மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சுது.

"இது கெட்டா என்ன? ஒன் வீட்டுல ஒண்ணு நல்லா இருக்குல்ல"ன்னான் அவன். "இனிமே எனக்கு வேணும்னா அதுலேருந்தே எடுத்துக்குவேன்."

அத அவன் வெளையாட்டாத்தான் சொன்னான். அவளுக்கு அதுலதான் எல்லாம் வெளங்குச்சு. மறுநாள் இருதயராஜக் கூட்டிட்டுப் போயி ஸ்டேஷன்ல உக்காரவச்சா. "எழுதுங்கண்ணே. பூட்டு ஒங்களோடது. ஒடைக்கச் சொன்னது நான்னு எம்பேரையும் சேத்து எழுதுங்க."

ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லிட்டுப் போனாங்க, காப்பி வச்சிருக்கிறவங்க அவங்களாவே கொண்டாந்து குடுத்துரணும், ஒரிஜினலக் காட்டுனா சொந்த உபயோகத்துக்கு ஒண்ண வச்சுக்கலாம்னு. யாருகிட்ட இருக்கு ஒரிஜினலு? எல்லாம் கீறலு, ஒடைசலு, எலி கடிச்சது, அதனாலதானே காப்பி எடுத்தானுவ. பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ரோட்டுல ரோடு ரோலரு வந்து நின்னுச்சு. பஸ் ஸ்டாண்டுல புடிச்ச சினிமா டிஸ்க்கு, நீலப்பட டிஸ்க்கு, ஜமால் கடையில அள்ளுனது, சூளையில அள்ளுனது, மாமியாருகிட்ட இருந்தது, எல்லாத்தையும் ஒண்ணா ரோட்டுல பரப்புனாங்க. ஜமால் ஜீப்புக்குள்ள தலையத் தொங்கப்போட்டு உக்காந்திருந்தான். சித்திரவேல் வரப்போற வக்கீலுக்காக வேப்பமரத்தடியில நின்னு போன் பேசிக்கிட்டிருந்தான். ஊரு ரெண்டு பக்கமும் நின்னுச்சு, டிஸ்க்கக் குடுத்தவங்க பக்கத்துல அவங்கவங்க செத்தவங்க, நல்ல துணிமணியெல்லாம் போட்டுக்கிட்டு, கும்பலப் பாத்ததும் விசேசம்னு நெனச்சு சிரிச்ச மூஞ்சியா நிக்கிறாங்க.

ரோலரு மெதுவாத்தான் வந்துச்சு. நொறுங்குற சத்தம் கேக்கக் கேக்க, ஒவ்வொருத்தரா, கரண்டு போனா டிவி அணையுமே, அப்படி நடுவுல ஒரு புள்ளியாகி அணைஞ்சாங்க. யாரும் பெருசா அழல. ஒருதடவை அழுது முடிச்சதுதானே. சூளையிலேருந்து கூட்டிட்டு வந்த பூமிநாதனுங்க கடைசிவரைக்கும் தலையக் குனிஞ்சபடியே நின்னு, குனிஞ்சபடியே அணைஞ்சாங்க.

"அவ்வளவுதானா? வேற யாருட்டயாச்சும் இருக்கா?"ன்னாரு இன்ஸ்பெக்டரு. நாகஜோதி முந்தானைக்குள்ள கைய விட்டா.

பக்கத்துல நின்னவ கையப் புடிச்சுக்கிட்டா. "அடியே, ஒன்னோடது ஒண்ணே ஒண்ணுதானேடி. எவன் பாத்தான்? ஒளிச்சு வச்சுக்கடி."

"ஒண்ணு இருந்தாலும் அதுலேருந்து நூறு எடுப்பான்க்கா"ன்னா நாகஜோதி.

அவளோட பூமிநாதன் அவ பின்னாடியேதான் வந்திருந்தான். அவ டிஸ்க்கக் கொண்டுபோயி ரோட்டுல வச்சிட்டுத் திரும்புற நேரத்துக்கு அவனுக்குப் பந்தி வந்துருச்சு. ரோட்டோரப் புழுதியில சம்மணம் போட்டு உக்காந்து, இல்லாத எலையில தண்ணி தெளிச்சு தொடச்சான். அவ போயி பக்கத்துல உக்காந்தா. நெத்தியில பொட்டு இருந்துச்சு, அழிக்கல. வெளிய வந்தா அழிக்கணும்னு யாரும் ஞாபகப்படுத்தவும் இல்ல. ரோலரு திரும்பி வந்துச்சு. அவன் ரெண்டு வாய் சாப்ட்டான். மாலையோட அவ பக்கம் சாஞ்சான். ஒதடு அசைஞ்சுது.

என்ன சொன்னான்னு அவளுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. தெருவே படிச்சும் தெரியல, வக்கீலம்மாவுக்கும் தெரியாது, சத்தம் இருந்த ஒரே டிஸ்க்கு அப்பளமாப் போச்சு. ஆனா கேட்டவனுக்குப் பதில் சொல்லணுமே. அவ அவன் மூஞ்சியப் பாத்துச் சொன்னா:

"சாப்ட்டேன். நீங்க எந்திரிங்க."

அவன் எந்திரிக்கப் போனான். பாதி எந்திரிச்சிருந்தான்.

இப்ப என்னடா, ஒருத்தனும் சிரிக்கக் காணும்? ரோலரு போன மறுவாரமே சூளை திரும்பப் பொகைய ஆரம்பிச்சிருச்சு. பூமிநாதன் இல்லன்னா வேற ஆளு இல்லியா, ஒளிச்சு வச்சவனுங்க இருக்கோம்ல. படிப்ப விட்டுட்டு வெட்டியாச் சுத்துறானே, இவனுக்கு எங்கேருந்துடா நமக்குப் பரோட்டா வாங்கித் தரக் காசு வருதுன்னு என்னப் பத்தி என்னிக்காச்சும் கேட்டிருக்கீங்களா? சித்திரவேல் சூளையில மண்ணு மிதிக்கிறது செத்துப்போன எங்கப்பா. டிஸ்க்கு எங்கிட்டதான் இருக்கு. பந்தி சீன எடுக்கச் சொன்னது நான். அவரு வாய் அசையுற எடம் எதுவும் வேணாம்னு சொன்னதும் நான்தான். சொந்த உபயோகத்துக்குத்தானான்னு கேட்டுச்சு. ஜமால் கைய நவுத்திட்டு, ஆமாம்னு நானே தட்டுனேன்.